சாத்தையா அடித்த தமுக்கு

மதியம் சாப்பிட்டு முடித்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். என் மகன் வாங்கி மாட்டியிருக்கும் பெரிய டிவி. அதில் பழைய அமெரிக்கக் கௌபாய் தொடர்களாகத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். எல்லாம் கறுப்பு வெள்ளை. பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரியாவிட்டால் என்ன, நமக்குத் தெரிந்த கதைதான். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு பெரிய மனிதர் கையில் இருக்கும். நடுவில் ஒரு ஏழைக் குடும்பம் துண்டு நிலம் வைத்திருக்கும். பெரிய மனிதர் ஓடையை மறிப்பார், வேலியை அறுப்பார், கடைசியில் ஒரு காகிதத்தோடு வருவார். நெஞ்சில் நட்சத்திரம் குத்திய ஷெரீப் குதிரையில் வந்து நடுவில் நிற்பார். ஒரு மணி நேரத்துக்குள் நியாயம் கிடைத்துவிடும். அதைப் பார்த்து நான் தினமும் எனக்கு நானே சண்டை போடுவதாக என் மனைவி சொல்கிறாள்.

போன மாதம் முத்துராமன் தன் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முத்துராமன் கோர்ட்டில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன். நான் இருந்த இடத்தில் இப்போது அவன் அமீனா. எங்கள் வேலைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் வாயில் நுழையாது. ஊருக்கு நாங்கள் அமீனாதான். கோர்ட் போட்ட தீர்ப்பை ஊருக்குள் கொண்டுபோய் நிறைவேற்றுகிறவன். வீட்டைக் காலி செய்ய வைப்பது, சாமானை ஜப்தி செய்வது, தோற்றவரிடமிருந்து நிலத்தை வாங்கி ஜெயித்தவரிடம் ஒப்படைப்பது எல்லாம் எங்கள் தலையில்தான். எங்களைக் கண்டு யாரும் வாசல் தெளித்ததில்லை.

முத்துராமன் காபி குடித்தபடி டிவியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த ஆளு மாதிரி நீங்க எப்பவாச்சும் வாரண்டைத் தூக்கிப் போட்டுட்டு ஏழை பக்கம் நின்னிருக்கீகளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அந்த ஆளிடம் துப்பாக்கி இருக்கிறது, என்னிடம் இருந்தது ஒரு தோல் பையும் பஸ் டிக்கெட்டும் என்றேன். சிரித்தான். பிறகு, இப்போதெல்லாம் தமுக்கு கிடையாது, ஆளை வைத்து அடிக்கக் கூடாது என்று உத்தரவு, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறோம், அந்தச் சத்தம் இல்லாமல் வேலையில் ஒரு களையே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல காரியம், முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பத்திரிகை கொடுக்க வந்தவனின் முகம் வாடிப் போயிற்று. எதற்காகக் கத்தினேன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டாமா? அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது விருப்பப்பட்டு அல்ல. அப்பா திடீரென்று இறந்துபோனார். அவர் கோர்ட் ஊழியர் என்பதால் வாரிசு வேலை கிடைத்தது. முதல் சில வருடம் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. காரைக்குடியைச் சுற்றி நான் மிதிக்காத ஊர் கிடையாது. கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் கதவில் சம்மனை ஒட்டிவிட்டு, காவல்காரரிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். நாய்க்கடி வாங்கியிருக்கிறேன், வசவும் வாங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் அமீனா ஆனேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் நாஜர் ராமநாதன். அமீனாக்களுக்கு மேலதிகாரி நாஜர். வாரண்டை எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும், நாங்கள் எழுதிவரும் அறிக்கையைச் சரிபார்த்து நீதிபதிக்கு அனுப்புவதும் அவர் வேலை. ஒல்லியான மனிதர். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாம்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். அறிக்கையைப் படிக்கும்போது வரிக்குக் கீழே ஆள்காட்டி விரல் மெதுவாக நகர்ந்து போகும். வேண்டாத வார்த்தை வந்தால் அடித்துத் திருத்த மாட்டார், நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நம்மை நிமிர்ந்து பார்ப்பார். ஒருமுறை ஒரு வீட்டு ஜப்தி அறிக்கையில் 'பாவப்பட்ட விதவை' என்று எழுதியிருந்தேன். விரல் 'பாவப்பட்ட'வில் நின்றது.

"விதவைங்கிறதுக்குச் சாட்சி இருக்கு தம்பி. இந்த இன்னொண்ணு எங்க இருந்துச்சு, காட்டுங்க பாப்போம்."

பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே. அவ்வளவுதான் அவர் சட்டம். அமீனா இரக்கப்பட்டு ஒரு வார்த்தை கூட்டி எழுதினால், நாளைக்கு இன்னொரு அமீனா காசு வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை கூட்டி எழுதுவான், இரண்டுக்கும் வித்தியாசம் காகிதத்தில் தெரியாது என்பார். கல் நெஞ்சுக்காரர் என்று ஆபீசில் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சாத்தையா வழக்கு வரும் வரைக்கும்.

நாச்சியாபுரத்துக்கு அங்குட்டு ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த மனிதர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊருக்குத் தலைவர் ஒருவர், அம்பலம் என்று அழைப்பார்கள். கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. கண்மாய்த் தண்ணீரை எந்த மடையில் எப்போது திறப்பது என்பதும் அவர் சொல்படிதான். கண்மாய்க்குக் கீழே பாதி வயல் அவருடையது. அந்த வயல்களுக்கு நடுவில் சாத்தையாவின் நிலம் இருந்தது. ஊருக்குத் தப்படிக்கிறவர் சாத்தையா. கோர்ட் பாஷையில் தமுக்கு என்போம். சாவுக்கு, சாமி புறப்பாட்டுக்கு, ஊர்க்கூட்டத்துக்கு, ஏலத்துக்கு, எதற்கும் அவர் தப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் ஊர் அசையும்.

அந்த நிலம் ஒரு காலத்தில் கண்டனூர்ச் செட்டியார் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். அந்தக் காலத்துச் செட்டியார் ஒருவர், ஊருக்குத் தப்படிக்கும் குடும்பம் சாப்பிட வேண்டும் என்று சாத்தையாவின் தாத்தாவிடம் அதைக் கொடுத்திருக்கிறார். வாய்வார்த்தைதான், எழுத்து கிடையாது. மூன்று தலைமுறை உழுது விதைத்தார்கள். பட்டா மட்டும் செட்டியார் வீட்டுப் பேரிலேயே இருந்தது. வாரிசுகள் சென்னையில் இருந்தார்கள். அம்பலம் போய்க் கேட்டார், விற்றுவிட்டார்கள். அப்படி ஒரு குடும்பம் அங்கே உழுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். அம்பலம் கிரயப் பத்திரத்தோடு கோர்ட்டுக்கு வந்தார். சாத்தையாவிடம் காட்ட ஒன்றும் இல்லை. நிலத்தை ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பு ஆயிற்று. அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

வாரண்டோடு நான் முதல் தடவை போனபோது நெல் கதிர் வாங்கி நின்றது. சாத்தையா வரப்பில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர். கதிரை ஒரு தடவை பார்த்தார். நான் ஒப்படைக்காமல் திரும்பி வந்து, 'நிலத்தில் அறுவடைக்கு முந்திய பயிர் நிற்கிறது' என்று எழுதி நாஜர் மேஜையில் வைத்தேன். விரல் வரிக்குக் கீழே நகர்ந்து போயிற்று, எங்கும் தட்டவில்லை. அறுப்பு முடியும் வரை நிறுத்தி வைக்க நீதிபதி உத்தரவு போட்டார். உள்ளதை உள்ளபடி எழுதியதே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். வரும் வழியில் பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் கண்மாயில் மேல மடையை மராமத்து என்று சொல்லி அடைத்துவிட்டார்கள். அந்த மடையில் பாய்வது அம்பலத்தின் கொஞ்ச வயலும் சாத்தையாவின் நிலமும். அம்பலம் தன் வயலுக்குக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டார். சாத்தையாவிடம் மோட்டார் இல்லை. குடத்தில் மொண்டு ஊற்றினார்களாம் புருஷனும் பெண்டாட்டியும். நெல் வயல் குடத்துத் தண்ணீரில் பிழைக்குமா? பால் பிடித்த கதிர் அப்படியே பதராகிப் போயிற்று. இப்போது பயிர் இல்லை, வாரண்டை மறுபடி அனுப்புங்கள் என்று அம்பலத்தின் வக்கீல் மனுப் போட்டார்.

நான் நாஜரிடம் போய்க் கொதித்தேன். மடையை அடைத்ததை அறிக்கையில் எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், வெகுநேரம்.

"பயிர் நிக்குதான்னுதான் கோர்ட்டு கேட்டுச்சு தம்பி. ஏன் நிக்கலைன்னு கேக்கலை. கேட்டா எழுதலாம்."

கோர்ட் கேட்கவில்லை. சாத்தையாவின் வக்கீல் இளைஞர், சொந்தக்காரர்கள் சேர்ந்து பிடித்துக் கொடுத்த ஆள். அவர் சிவகங்கையில் அப்பீல் போட்டு, ஒப்படைப்பை நிறுத்தி வைக்கத் தடை கேட்டிருந்தார். அந்தத் தடை மனு விசாரணைக்கு வருவதற்குள் வாரண்டு என் கைக்கு வந்துவிட்டது.

நிலத்தை ஒப்படைப்பதற்கு ஒரு முறை உண்டு. இந்தத் தலைமுறைக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். வயலில் கிராம அதிகாரியும் உள்ளூர்ச் சாட்சிகளும் நிற்க வேண்டும். அமீனா நான்கு எல்லையையும் நடந்து பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். தமுக்கு அடிப்பவர் முதலில் அடித்துவிட்டு, அமீனா சொல்வதைத் தன் குரலில் ஊருக்குச் சொல்வார். அது முடிந்ததும் அமீனா நிலத்திலிருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து ஜெயித்தவர் கையில் கொடுப்பார். பிறகு அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். தமுக்கு அடித்தவர் பெயரும் கைநாட்டும்கூட அதில் இருந்தாக வேண்டும்.

அந்த ஊரில் தப்படிக்கிறவர் சாத்தையா ஒருவர்தான். அது எனக்குத் தெரியாதா? அதனால் நாச்சியாபுரத்தில் தப்படிக்கும் ஒருவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அம்பலமும் ஒன்றும் சொல்லவில்லை. யார் அடித்தால் என்ன, வேலை முடிந்தால் சரி என்றுதான் அவர் இருந்தார். வரப்பில் குடை பிடித்து நின்றார், பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். டிராக்டர் ஒன்று ரோட்டோரம் தயாராக நின்றது.

வெளியூர்க்காரர் தப்பை எடுத்துத் தோளில் மாட்டும் நேரத்தில் சாத்தையா வந்தார். தோளில் அவருடைய தப்பு தொங்கியது. பின்னால் அவர் மனைவி காளியம்மா வந்தார். சாத்தையா நேராக என்னிடம் வந்து, தான்தான் அடிப்பேன் என்றார். வேண்டாம், நீங்கள் வழக்கில் தோற்றவர், நீங்கள் அடிப்பது முறை இல்லை என்றேன். முறை இல்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லைதான், இருந்தாலும் சொன்னேன்.

"அமீனாய்யா, இந்த நிலம் எங்களுக்கு எப்படி வந்துச்சு? இந்த ஊருக்குத் தப்படிக்கிற வீடுன்னுதான வந்துச்சு. இன்னைக்கு வெளியூரு ஆளு வந்து அடிச்சுட்டா, இந்த ஊருத் தப்பு எங்க வீட்டுது இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிப்போகும். அப்பறம் சிவகங்கையில போயி எதைச் சொல்லிக் கேப்பேன்?"

வக்கீலைக் கேட்டீர்களா என்றேன். வக்கீலுக்குச் சட்டம் தெரியும், இந்த ஊர் வழக்கம் தெரியாது என்றார். அவர் சொன்னதில் அவர் ஊர் நியாயம் முழுக்க இருந்தது. உரிமை என்பது செய்கிறவன் கையில்தான் இருக்கிறது, ஒரு தடவை விட்டால் போயிற்று. கோயிலில் முதல் மரியாதையும் அப்படித்தான், கண்மாய் மீன் குத்தகையும் அப்படித்தான். அந்த மனிதருக்கு அதுதான் தெரியும், பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறார். வெளியூர்க்காரர் தன் தப்பைக் கழற்றிக்கொண்டு, "நீங்களே அடிங்க மாமா" என்று ஒதுங்கிவிட்டார். நான் அம்பலத்தைப் பார்த்தேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

தப்பை அடிப்பதற்கு முன்னால் தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டும், அப்போதுதான் தோல் இறுகிச் சத்தம் எழும்பும். சாத்தையா குனிந்து தன் வயலில் காய்ந்து நின்ற நெல் தாளைக் கை நிறையப் பிடுங்கினார். வரப்பில் வைத்துக் கொளுத்தி, அந்தத் தீயில் தப்பைக் காய்ச்சினார். அவசரப்படவில்லை. காளியம்மா என் பக்கத்தில் வந்து, "அவுகதான் அடிக்கணுமாய்யா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன் அம்மா என்றேன். கருவை மரத்தடியில் போய் முகத்தை அங்குட்டுத் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

நல்ல அடி. கோர்ட் வேலைக்கு அப்படி யாரும் அடித்து நான் கேட்டதில்லை. ஊரே வீட்டை விட்டு வெளியே வந்து நின்றது. நான் தாழ்ந்த குரலில் சொன்னேன், அவர் ஓங்கிச் சொன்னார். வடக்கே அம்பலம் நிலம், தெற்கே அம்பலம் நிலம், கிழக்கே வாய்க்கால், மேற்கே பாதை, இதற்குள் சாத்தையா வசம் இருந்த நிலம் இன்று முதல் அம்பலம் வசம் ஒப்படைக்கப்படுகிறது. தன் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கவில்லை. இறங்கியது என் குரல்தான். மண் கட்டியை எடுத்துக் கொடுத்தேன், அம்பலம் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

அறிக்கை எழுதும்போது கடைசி முயற்சியாக, தமுக்கு அடித்தவர் என்ற இடத்தில் நாச்சியாபுரத்துக்காரர் பெயரைப் போடட்டுமா என்று சாத்தையாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த ஒரு நாள், நாஜர் சட்டத்தை மீற நான் தயாராக இருந்தேன். சாத்தையா என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அடிச்சது நான். என் பேரைப் போடுங்க."

போட்டேன். இடது கட்டைவிரலை மையில் தோய்த்து, ஒரு ரேகை அழியாமல் அழுத்தி வைத்தார். டிராக்டர் வயலுக்குள் இறங்கும்போது நான் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

நாஜரின் விரல் அன்றைக்கு வழக்கம் போலத்தான் நகர்ந்தது. கடைசியில் அந்த வரியில் நின்றது, தட்டவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, இந்தப் பெயர் இல்லாமல் எழுத ஒரு வழியும் இருக்கவில்லையா என்று கேட்டார். பார்த்ததை எழுது என்று ஆயுள் முழுக்கச் சொன்ன மனிதர் கேட்டார். கைநாட்டே வைத்துவிட்டார் ஐயா என்றேன்.

"இதைத்தான் எதிர்த் தரப்புக்காரவுக பிடிச்சுக்குவாக," என்றார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

தடை மனு சிவகங்கையில் விசாரணைக்கு வந்த அன்று வழக்குக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். நிலம் உண்மையில் கைமாறிவிட்டது என்றால் தடைக்கு இடமில்லை. இளம் வக்கீல் நன்றாகவே வாதாடினார். அமீனா வந்து போனதெல்லாம் வெறும் காகித ஒப்படைப்பு, சாத்தையா நிலத்தை விடவே இல்லை, நிலம் இன்னும் அவர் வசம்தான் என்றார். அப்படிச் சொல்வது வழக்கம்தான், பல வழக்கில் பலித்தும் இருக்கிறது. எதிர் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. என் அறிக்கையை வாங்கி நிதானமாகப் படித்தார். எல்லைகளைப் படித்தார், சாட்சிகளைப் படித்தார். பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, "தமுக்கு அடித்தவர், சாத்தையா" என்று படித்தார். தானே தமுக்கு அடித்து, தன் வாயால் ஊருக்குச் சொல்லி ஒப்படைத்த மனிதர், இன்று காகித ஒப்படைப்பு என்கிறார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் திரும்பிச் சாத்தையாவைப் பார்த்தேன். வாசல் ஓரத்தில் நின்றிருந்தார். பேசிய சட்டமெல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை, பெயர் மட்டும் கேட்டிருக்கிறது. நிமிர்ந்து நின்றார். என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையையும் கூப்பினார். ஐம்பத்தெட்டு வயதில் சர்வீஸ் முடியும் வரைக்கும் யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கும்பிட்டதில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

மனு தள்ளுபடியாயிற்று. இளம் வக்கீல் அடுத்த கேஸுக்கு ஓடிவிட்டார். வராந்தாவில் சாத்தையா என்னைத் தேடி வந்தார்.

"கோர்ட்டுலயே படிச்சுட்டாகல்ல அமீனாய்யா. எல்லாரு காதுலயும் விழுந்துச்சு."

சொல்லாமல் நழுவியிருக்கலாம். பக்கத்தில் பெஞ்சு இருந்தது, உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தடை மனு தள்ளுபடி ஆகிவிட்டது, அப்பீல் கிடந்தாலும் நிலம் இனி அம்பலம் கையில்தான் என்று சொன்னேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரிப்பு முகத்தை விட்டுப் போகாமல் அப்படியே நின்றது.

"அப்ப என் பேரை எதுக்குப் படிச்சாக?"

"நீங்களே தமுக்கு அடிச்சு ஒப்படைச்சீகன்னு காட்டத்தான் படிச்சாக," என்றேன்.

அவர் தன் இடது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா," என்றார். "நான்தான அடிச்சேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசைக்கு எதிர்த் திசையில் நடந்தார். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.